ஊரடங்கில் போன சம்பளமும், அதற்கு அப்புறம் போன சம்பளமும்

நான் சென்னையில் வீட்டு வேலை செய்கிறவள். பதினேழு வருஷமாக இதே வேலைதான். பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன், அதனால் இதை நானே போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கொரோனா வந்த 2020லிருந்து 2023 ஆரம்பம் வரை என் கையை விட்டு எவ்வளவு பணம் போனது என்று போன மாதம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதில் பாதி நோயினால் போனது. மீதிப் பாதி, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் போனது. அந்தப் பாதியைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாற்றங்கரையில் இருந்த எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். வீடு கிடைத்தது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. அடையாறில் மூன்று வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டில் வயதான தம்பதி, காலைச் சமையலும் மேல் வேலையும் சேர்த்து 4,500. இரண்டாவது வீட்டில் இரண்டு பேரும் ஐடி வேலை, பாத்திரம், பெருக்கித் துடைக்கிறது, 3,500. மூன்றாவது வீடு 3,000. மொத்தம் 11,000. வீட்டுக்காரர் 2014லேயே போய்விட்டார். கொரோனா வந்தபோது மகள் பத்தாவது, மகன் ஏழாவது. இந்த 11,000தான் எல்லாமே.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு என்றார்கள், ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன். 24ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு 144 போட்டார்கள், ராத்திரி பிரதமர் இருபத்தொரு நாள் என்றார். கையில் 1,900 ரூபாய் இருந்தது. ஏப்ரல் முதல் வாரம் சம்பளத்துக்கு மூன்று வீட்டுக்கும் போன் போட்டேன். முதல் வீட்டு அம்மா மார்ச் சம்பளத்தை முழுசாகத் தன் மகள் ஒருத்தியின் கூகுள் பேயில் என் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அனுப்பினார்கள், ஏப்ரலுக்கும் முழுசாகத் தருவேன் என்றார்கள், தந்தார்கள். மே மாதம் பாதி. அதற்கு மேல் அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது வீட்டில் மார்ச்சில் 22 நாளைக்குக் கணக்குப் பார்த்து 2,480 அனுப்பினார்கள். மூன்றாவது வீட்டில் மார்ச் சம்பளம் வந்தது, அதற்கு அப்புறம் போன் எடுக்கவில்லை.

அப்போது டிவியில் ஒரு செய்தி ஓடியது. வேலைக்கு வராவிட்டாலும் ஊரடங்கு நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது என்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மூன்றாவது வீட்டுக்கு அதைச் சொல்லி மெசேஜ்கூடப் போட்டேன். பல மாதம் கழித்து தொழிலாளர் சங்கத்து அக்கா ஒருவர் விளக்கினார்கள். அந்த உத்தரவு தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனங்களுக்குத்தான், வீடு அதில் வரவே வராது. குறைந்தபட்சக் கூலியைக்கூட வீட்டு வேலைக்குத் தமிழ்நாட்டில் 2018ல்தான் நிர்ணயித்தார்கள், அதையும் யார் வீட்டுக்குள் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் நான் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட எங்கேயும் இல்லை. சம்பளம் எல்லாம் கையில் வாங்கியது. அதனால் முதல் விஷயமாக இதைச் சொல்கிறேன்: முடிந்தவரை சம்பளத்தை உங்கள் சொந்தக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். கையில்தான் தருவோம் என்றால், வாங்கிய அன்றே "அம்மா, இந்த மாசச் சம்பளம் 4,500 வாங்கிக்கிட்டேன், நன்றி" என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், தேதியோடு பதிவும் இருக்கும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்குப் பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 போட்டார்கள். எனக்கும் வங்கிக் கணக்கு இருந்தது, வெயிலில் வரிசையில் நின்று பாஸ்புக் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை. என்னுடையது சாதாரணச் சேமிப்புக் கணக்காம், ஜன்தன் இல்லை. எதிர் பிளாக்கில் இருந்தவர்களுக்கு எல்லாம் வந்தது. ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தது, அதை மறக்க மாட்டேன். ஜூன் 19லிருந்து சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு போட்டபோது இன்னொரு 1,000 கொடுத்தார்கள். அரிசி இருந்ததால் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கேஸ், பால், மாத்திரை எல்லாம் காசு கொடுத்தால்தானே.

இப்போது கடன் கதைக்கு வருகிறேன். என் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக 2019 நவம்பரில் மகளிர் குழு மூலம் ஒரு கம்பெனியில் 30,000 வாங்கியிருந்தேன், மாதம் 1,590, இருபத்து நான்கு தவணை. மூன்று தவணை கட்டியிருந்தேன். ஏப்ரலில் கலெக்‌ஷன் தம்பி போன் செய்து, "அக்கா, ரிசர்வ் வங்கி சொல்லிட்டாங்க, இப்ப கட்ட வேண்டாம்" என்றார். அப்புறம் அதையே ஆகஸ்ட் வரை நீட்டித்தார்கள். மார்ச்சையும் சேர்த்து அந்த ஆறு மாதமும் தள்ளுபடி என்றே நான் நினைத்துவிட்டேன். எங்கள் குழுவில் பத்துப் பேரும் அப்படித்தான் நினைத்தோம், கோயிலுக்கு ஒரு தேங்காய்கூட உடைத்தோம். செப்டம்பரில் மீட்டிங் வைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். என் தாளில் பாக்கி 30,373 என்று இருந்தது. மூன்று தவணை கட்டின கடன், வாங்கின தொகையை விட அதிகமாக நிற்கிறது! தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அச்சுப் பிழையோ என்று தம்பியிடமே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார், தவணைதான் நிறுத்தியது, வட்டி நிற்கவில்லை, மாதம் 540 மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது, அது அசலோடு சேர்ந்துவிட்டது என்று. 21 தவணை பாக்கி இருந்தது 24ஐத் தாண்டிவிட்டது. வட்டிக்கு வட்டியை மட்டும் அரசாங்கம் பிற்பாடு திருப்பிக் கொடுத்தது, எனக்கு வந்தது 167 ரூபாய். ஆக, யாராவது "இப்போது கட்ட வேண்டாம்" என்று சொன்னால் உடனே கேளுங்கள்: வட்டி ஓடுமா, நிற்குமா? ஓடும் என்றால், முழுத் தவணை முடியாவிட்டாலும் அந்த மாத வட்டியை மட்டுமாவது கட்ட முடியுமா என்று கேளுங்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் என் கையில் 540 ரூபாய் இருக்கத்தான் செய்தது. தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன்.

அதை விடப் பெரிய தப்பு ஒன்றை ஜூன் மாதம் செய்தேன். பத்தாவது பரீட்சை ரத்து, எல்லோரும் பாஸ் என்று ஜூன் 9 அன்று அறிவித்தார்கள். மகள் பதினொன்றாவது சேர வேண்டும், பாடம் எல்லாம் போனில் வரும் என்றார்கள். என்னிடம் இருந்தது பட்டன் போன். மகள் கேட்கவே இல்லை, அதுதான் என்னை அறுத்தது. மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை எட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாளே எங்கள் பக்கத்தில் வட்டிக்கு விடுகிறவரிடம் போய் 10,000 வாங்கினேன். பத்து வட்டி, அதாவது மாதம் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்தார். 7,800க்கு ஒரு போன் வாங்கினேன், மீதி கேஸுக்கும் மளிகைக்கும். அதற்கு அப்புறம் மாதாமாதம் 1,000 வட்டி மட்டும்தான் கட்ட முடிந்தது, அசல் அப்படியே நின்றது. 2021 ஆகஸ்டில்தான் முடித்தேன். 9,000 கையில் வாங்கி 23,000 கொடுத்திருக்கிறேன். கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே இங்கே சட்டம் இருக்கிறது, தெரியும். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் கையெழுத்து ஜாமீன் எதுவும் கேட்காமல் பணம் எடுத்துக் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான், அதனால்தான் போகிறோம்.

இத்தனைக்கும் பீரோவில் முக்கால் பவுன் கம்மல் ஒன்று இருந்தது. மகளுக்கென்று வைத்தது, அதைத் தொடக் கூடாது என்று ஒரு வைராக்கியம். 2020 ஆகஸ்டில் பவுன் 40,000ஐத் தாண்டி விற்றது. அப்போது அந்தக் கம்மலைக் கூட்டுறவு வங்கியில் வைத்திருந்தால் 10,000 தாராளமாகக் கிடைத்திருக்கும், வட்டி மாதம் நூறு ரூபாய் அளவில் முடிந்திருக்கும். கடைசியில் 2021 ஆகஸ்டில் அதே கம்மலை அதே மாதிரி வங்கியில் வைத்துத்தான் பத்து வட்டிக் கடனை அடைத்தேன். அந்த வருஷக் கடைசியில் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது, 2021 மார்ச் 31 வரை வைத்தவர்களுக்குத்தான் அது. நான் வைத்தது ஐந்து மாதம் லேட். தள்ளுபடி வரும் என்று யாருக்கும் முன்னாலேயே தெரியாது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் நகை வீட்டில் சும்மா கிடக்கும்போது பத்து வட்டிக்கு வாங்கினேனே, அதற்கு இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அடகு வைத்த நகை திரும்பி வரும். கட்டின வட்டி வராது.

நடுவில் கீழ்த்தளத்தில் இட்லி போட்டு விற்றேன், ரேஷன் அரிசியில். ஒரு நாளைக்கு 150 ரூபாய் வரை நின்றது, ஆனால் வாங்குகிறவர்களும் என்னைப் போல வேலை இழந்தவர்கள்தான். கடன் சொல்லிவிட்டுப் போனவர்களிடம் நான் எப்படிக் கேட்பது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

2020 ஜூலையில் இரண்டாவது வீட்டுக்குப் போன் செய்தேன். பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கிவிட்டார்களாம், துடைக்கிறதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். மூன்றாவது வீட்டில், நடந்து வரும் தூரத்தில் இருக்கிற ஒரு ஆளை வைத்துவிட்டார்கள். எங்களுக்கு பஸ் செப்டம்பர் 1 அன்றுதான் ஓட ஆரம்பித்தது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? முதல் வீட்டு அம்மா மட்டும் கூப்பிட்டார்கள், ஆனால் வெளியாட்கள் வந்து போகக் கூடாது என்று அவர்கள் அபார்ட்மெண்டில் தடை, "நீ இங்கேயே தங்கிடு, ரெண்டு மாசத்துக்கு" என்றார்கள். இரண்டு பிள்ளைகளை எட்டாவது மாடியில் தனியாக விட்டுவிட்டு எப்படித் தங்குவது. முடியாது அம்மா என்றேன். அந்த வேலையும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. செப்டம்பர் 7ஆம் தேதி மறுபடி சேர்ந்தேன்.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேட்டில் நெற்றியில் சுடுகிற மெஷின், கையில் மருந்து, பேர், நேரம், எந்த ஏரியா. பெரும்பாக்கம் என்று சொன்னதும் வாட்ச்மேன் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் அவர்கள் மகன் குடும்பம் பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்தது. முன்னே இரண்டு பேர், இப்போது ஐந்து பேர், மூன்று வேளையும் வீட்டில். வாங்கி வருகிற காய் எல்லாம் உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், கதவுப்பிடி, ஸ்விட்ச் எல்லாம் துடைக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் கிரில்லில் மாட்டியிருந்தார்கள். நோட்டுகளில் சானிடைசர் அடித்திருந்தது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பாயில் ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேன் போட்டுக் காயவைத்தேன். ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு. 3,000.

ஆம், 4,500 இல்லை. சேரும்போதே அம்மா சொன்னார்கள், "இப்ப எல்லாருக்கும் கஷ்டம், 3,000 வாங்கிக்கோ, நிலைமை சரியாகட்டும், பார்க்கலாம்." சரிம்மா என்றேன். வேறு வழி இல்லை, அந்த நிமிஷம் 2,000 என்றாலும் சரி என்றிருப்பேன். பிற்பாடு சோழிங்கநல்லூர் பக்கம் இன்னும் இரண்டு வீடு ஒவ்வொன்றாகப் பிடித்தேன், தலா 2,500, மொத்தம் 8,000 வரை வந்தது. ஆனால் அந்த "பார்க்கலாம்" எப்போது வரும் என்று நான் கேட்கவே இல்லை. தீபாவளிக்குக் கேட்கலாம் என்று நினைத்தேன், புடவையும் இனிப்பும் கொடுத்தார்கள், வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அப்போது எப்படிக் கேட்பது. மகன் குடும்பம் திரும்பிப் போனது, ஊரெல்லாம் பழையபடி ஆனது, மாஸ்க் கழன்றது, என் 3,000 மட்டும் அப்படியே இருந்தது.

2023 ஜனவரியில் மகள் காலேஜ் செலவு நெருக்கவே ஒரு நாள் பாத்திரம் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். "அம்மா, 2020 செப்டம்பர்ல நிலைமை சரியாகட்டும்னு சொன்னீங்க..." என்று ஆரம்பித்தேன். அவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "அய்யோ, உனக்கு முன்னாடி எவ்வளவு?" என்று கேட்டார்கள். 4,500 அம்மா என்றேன். "நான் மறந்தே போயிட்டேன்டி, நீ ஏன் கேக்கல?" என்றார்கள். அந்த மாதத்திலிருந்தே 4,500 ஆகிவிட்டது. நான் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கெட்ட எண்ணத்தில் குறைத்துக் கொடுத்தார்கள் என்றால் கோபமாவது படலாம். அவர்களுக்கு ஞாபகமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஊரடங்கில் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மூன்று வீட்டிலும் சேர்த்து எனக்கு வராத சம்பளம் 49,270. அதற்கு அப்புறம் ஒரே ஒரு வீட்டில், மாதம் 1,500 வீதம், 28 மாதத்தில் விட்டது 42,000. முதலாவது யார் கையிலும் இல்லை. இரண்டாவது ஒரு கேள்வியில் இருந்தது. சம்பளத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லும்போது ஒத்துக்கொள்ள வேண்டிய நிலைமை வரலாம், வந்தால் அதே இடத்தில் நின்று "சரிம்மா, எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டுவிடுங்கள். தை வரைக்கும் என்றோ மூன்று மாதம் என்றோ ஒரு பதில் வரும். அன்றைக்கே அதை மெசேஜில் போட்டுவிடுங்கள். குறைந்த சம்பளத்துக்கு வேலையையும் குறைக்கச் சொல்லலாம், நான் அதைக் கேட்காமல் மூன்று பேர் பாத்திரத்தைக் கூடுதலாகத் தேய்த்தேன்.

இரண்டாவது அலையில் இந்தப் புத்தி கொஞ்சம் வந்திருந்தது. 2021 மே 10லிருந்து முழு ஊரடங்கு என்று அறிவித்த அன்றே, வேலை முடிந்து கிளம்பும் முன்னால் மூன்று வீட்டிலும் கேட்டுவிட்டேன், "நான் வராத நாளுக்கு என்ன செய்யலாம் அம்மா?" என்று. இரண்டு வீட்டில் பாதிச் சம்பளம் ஒத்துக்கொண்டு கொடுத்தார்கள், ஒருவர் முடியாது என்றார். முகத்தைப் பார்த்துக் கேட்டதற்கும் ஒரு மாதம் கழித்துப் போனில் கெஞ்சியதற்கும் அவ்வளவு வித்தியாசம். ரேஷன் கார்டுக்கு 2,000 வீதம் இரண்டு தவணையாக 4,000 வந்தது. மே 8லிருந்து பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானதும், பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமானது. அதை வைத்துத்தான் குழுக் கடன் தவணையைத் தவறாமல் கட்டினேன்.

கடைசியாக வாரியம். வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007லிருந்தே நல வாரியம் இருக்கிறது. நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டது 2021ல், அந்தச் சங்கத்து அக்கா சொல்லி. 18 வயதிலிருந்து 60 வயது வரை பதியலாம், பணம் கிடையாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ, அப்புறம் வீட்டு வேலைதான் செய்கிறோம் என்பதற்கு ஒரு சான்று. அந்தச் சான்றில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறோம். முதல் வீட்டு அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டபோது, ஏதாவது கேஸ் வருமா, பிஎஃப் கட்டச் சொல்வார்களா என்று பயந்து மறுத்துவிட்டார்கள். நான் அழுத்தவில்லை. சங்கத்தின் மூலம் சான்று வாங்கிப் பதிந்தேன், அதனால் வீட்டில் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம், நமக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு ஒரு தொகை என்று இருக்கிறது. அதோடு எங்களைப் போன்ற அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிய 2021 ஆகஸ்டில் மத்திய அரசு ஆரம்பித்த இ-ஷ்ரம் அட்டையும் எடுத்தேன். அதற்கும் பதிவுக் கட்டணம் இல்லை. எங்கள் பிளாக்குக்கு டேபிள் போட்டு ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்தவர்களிடம் நானும் நூறு கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் கொடுக்காதீர்கள்.

வாரிய அட்டையை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் உதவி கேட்கும் நேரத்தில் செல்லாது என்பார்கள். என்னுடையது 2026 நவம்பர். பீரோ கதவின் உள்பக்கம், முன்னே கம்மல் டப்பா இருந்த தட்டுக்கு நேராக, ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.